கோட்டுக்கு அந்தப் பக்கம்

அறுத்துப் போட்ட குதிரைமசால் மேட்டு வயலில் வரிவரியாகக் கிடந்தது. மதியத்துக்கு மேல் மழை என்று ரேடியோ சொல்லியிருந்தது. காய்ந்தும் காயாமலும் இருக்கிற தீவனத்தைக் கட்டினால் உள்ளே புழுங்கிச் சூடேறிக் கொட்டகையே பற்றிக்கொள்ளும். கட்டாமல் விட்டால் மழை சத்தையெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும். விஸ்கான்சின் மாநிலத்து மேற்கு மலைச்சரிவில் பால்மாடு வைத்திருப்பவனுக்கு ஆகஸ்டு மாதத்தில் இதற்கு மேல் ஒரு கவலை தேவையில்லை. ஆனால் ஆர்டன் ஸ்கோகன் காலைக் கறவையை முடித்துவிட்டுக் கொட்டகை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது மேகத்தை அல்ல. கீழே, சரளைச் சாலை திரும்புகிற இடத்தில் தெரிந்த டவுன் ஹாலின் தகரக் கூரையை.

"போய்ட்டு வந்துடுங்கப்பா" என்றான் மகன் ட்ராய். கறவைக் குழாய்களைக் கழுவி மாட்டிக்கொண்டிருந்தான். "அதுக்குள்ள நான் புல்லை ஒரு தடவை புரட்டி விட்டுடறேன். மேல்பக்கம் காஞ்சுருச்சு, அடியிலதான் ஈரம்."

"நீ போகலையா?"

"கறவைக்கு நடுவுல ஓடிப்போய் ஓட்டைப் போட்டுட்டு வந்துட்டேன். கதவு திறந்ததும் நான்தான் மொத ஆளு."

ஆர்டன் தொப்பியைக் கழற்றித் தலையைத் தேய்த்தார். யாருக்குப் போட்டாய் என்று கேட்கவில்லை. அந்த வீட்டில் அதைக் கேட்கிற வழக்கம் இல்லை. இத்தனை நாள் கேட்க வேண்டிய அவசியமும் வந்ததில்லை.

ட்ராய் குழாயை மாட்டிவிட்டுத் திரும்பினான். "அப்பா, ஒண்ணு சொல்றேன். என்னை நெனச்சுக்கிட்டு நீங்க யாருக்கும் போட வேணாம். அத்தை உங்களுக்கு அக்கா. அவங்களுக்கே போடுங்க."

"நீ போய்ப் புல்லைப் புரட்டுடா. அடியில ஈரம்னு நீதானே சொன்னே" என்றார் ஆர்டன்.

அவர் அக்கா மார்லிஸ் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவள். இந்த மேட்டிலும் பள்ளத்திலும் இன்று மாடு கறப்பவர்களில் பாதிப்பேரை மூக்கு ஒழுக ஒழுக ஏற்றி இறக்கியவள். கவுண்டி என்கிற அந்த மாவட்டத்து ஆஸ்பத்திரியில் பிரசவப் பகுதியை மூடியபோது, "இனிமே பனியில எழுபது மைல் போய்த்தான் புள்ள பெக்கணுமா?" என்று கூட்டம்போட்டுக் கேட்டாள். கேட்ட வாயைத் திரும்ப மூட அவளால் முடியவில்லை. மாநிலச் சட்டசபைக்கு நிற்கிறேன் என்று சொல்லிவிட்டாள். ஜனநாயகக் கட்சியில் அவளுக்குப் போட்டியாகத் தொகுதியின் மறுகோடியிலிருந்து பென் ஹாலரன் என்ற இளம் வக்கீல் நின்றான். அவர்களில் யார் நவம்பரில் கட்சிக்காக நிற்பது என்பதை இந்த ஆகஸ்டு பிரைமரியில் ஜனங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஸ்கோகன் குடும்பம் பால் விலைக்காகத் தாத்தா காலத்தில் மறியல் செய்த நாளிலிருந்து அந்தக் கட்சிதான். ஆகவே இதில் ஆர்டனுக்கு யோசிக்க ஒன்றுமே இருந்திருக்கக் கூடாது. யோசிக்க வைத்தவர் ரஸ் கீஸ்லர்.

கவுண்டிப் போலீசுக்குத் தலைவரான ஷெரீபையும் அங்கே ஓட்டுப் போட்டுத்தான் வைப்பார்கள். துணை ஷெரீபாக இருந்த ரஸ், குடியரசுக் கட்சியில் அந்தப் பதவிக்கு நின்றார். அதே கட்சியில் அவரை எதிர்த்து டீன் வோல்ட் நின்றான். மறுகட்சியில் யாரும் நிற்கவே இல்லை. அதனால் ஆகஸ்டில் ஜெயிப்பவன்தான் ஷெரீப். நவம்பர் வெறும் முத்திரை.

மார்ச் மாதத்து ஒரு சாயங்காலம். ட்ராயின் மாடுகள் ஏலத்தில் போய்ச் சில வாரம்தான் ஆகியிருந்தது. தனியாகப் பண்ணை வைத்துப் பார்த்தவன், பால் விலை விழுந்ததில் எல்லாவற்றையும் இழந்துவிட்டு, காலியான தன் கொட்டகைக்குள் மான் வேட்டைத் துப்பாக்கியோடு போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டான். ஆர்டன் போன் செய்ததும் வந்தவர் ரஸ். இடுப்புத் துப்பாக்கியைக் கழற்றிக் காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, கதவுக்கு வெளியே சேற்றுப் பனியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மாடுகளைப் பற்றிப் பேசினார். எந்த மாட்டுக்கு என்ன பேர், எது உதைக்கும், எது கறக்கும்போது கண்ணை மூடும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இருட்டுகிற நேரத்தில் கதவு திறந்தது. விலங்கு இல்லை, சைரன் இல்லை. தன் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஊரில் ஒரு குருவிக்கும் தெரியாது. இத்தனை மாதப் பிரச்சாரத்தில் ரஸ் அதைப் பற்றி ஒரு வார்த்தை விட்டதில்லை.

டீன் வோல்ட் பத்திரிகையில் சொல்லியிருந்தான்: "துப்பாக்கியோட ஒருத்தன் உள்ள இருக்கான்னா, பேசறதுக்கு ஆள் அனுப்ப மாட்டேன். படையை அனுப்புவேன்."

அதைப் படித்த நாளிலிருந்து ஆர்டனுக்குச் சோறு இறங்கவில்லை.

பிரைமரிச் சீட்டில் ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு பத்தி. நடுவே கனமான கறுப்புக் கோடு. எந்தப் பத்தியில் வேண்டுமானாலும் போடலாம். நீ எந்தக் கட்சி என்று ஒருவரும் கேட்க முடியாது. ஆனால் ஒரே ஒரு பத்திதான். கோட்டைத் தாண்டி இரண்டிலும் கை வைத்தால் இரண்டும் செல்லாது. அக்கா கோட்டுக்கு இந்தப் பக்கம். ரஸ் அந்தப் பக்கம்.

டவுன் ஹாலுக்குள் காப்பி வாசனையும் பழைய மரத்தரை வாசனையும் கலந்து அடித்தது. பெயர்ப் புத்தகத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் ஆர்டனின் மனைவி கோனி. இருபது வருஷமாகத் தேர்தல் நாளில் அங்கே வேலை பார்க்கிறாள். நாத்தனார் நிற்பதால் இந்த முறை விலகிக்கொள்ளட்டுமா என்று அவளே டவுன் கிளார்க்கிடம் போய்க் கேட்டாள். சட்டத்தில் தடை இல்லை என்றார் அவர். "அப்படின்னா புத்தகத்தோட நிக்கறேன். சீட்டையும் தொடமாட்டேன், மெஷினையும் தொடமாட்டேன்" என்று தனக்குத் தானே ஒரு வேலி போட்டுக்கொண்டாள்.

"பேரும் விலாசமும் சொல்லுங்க" என்றாள் கோனி.

"காலையில எனக்கு முட்டை பொரிச்சுக் குடுத்தவளுக்கு என் பேரு தெரியாதாக்கும்?"

வரிசையில் பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். கோனி சிரிக்கவில்லை. வீட்டில் அவரை நீ, வா, போ என்கிறவள், இந்த மேசையில் மட்டும் 'நீங்க'.

"சத்தமா சொல்லுங்க. பக்கத்து மேசைக்கும் கேக்கணும்."

"ஆர்டன் ஸ்கோகன். நார்த் ரிட்ஜ் ரோடு. நீங்க குடியிருக்கற அதே வீடுதாங்க, அம்மணி."

"அடையாள அட்டை."

அவர் சட்டைப்பையிலிருந்து லைசென்சை எடுத்துப் புல் தூசியைத் துடைத்துக் கொடுத்தார். அவள் படத்தைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். "கையெழுத்துப் போடுங்க" என்று புத்தகத்தைத் திருப்பி வைத்தாள்.

ஆர்டன் தடுப்புக்குள் நின்று சீட்டை விரித்தார். சட்டசபை வரிசையில் 'மார்லிஸ் ரீ' என்று, புருஷன் வீட்டுப் பேரோடு, அக்காவின் பெயர் அச்சில் இருந்தது. அவளுடைய பெயரை அச்சில் பார்ப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. அப்பா செத்த வருஷம், பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தம்பியோடு நின்று மாடு கறந்தவள். அவள் பெயருக்கான கட்டத்தைக் கறுப்பாக அழுத்தி நிரப்பினார். அப்புறம், விதி என்ன என்று நன்றாகத் தெரிந்தே, கோட்டைத் தாண்டி மறுபக்கம் போய் ரஸ் கீஸ்லரின் கட்டத்தையும் நிரப்பினார்.

ஓட்டை எண்ணும் மெஷின் சீட்டை உள்ளே இழுத்தது. இரண்டு முறை கத்தியது. சீட்டைத் திருப்பித் துப்பியது.

ஹாலில் பேச்சு நின்றது. கோனி மட்டும் தலையைத் தூக்கவில்லை. அடுத்தவரின் பெயரைத் தேடுகிற மாதிரி விரலால் வரிகளைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

மெஷின் பக்கத்தில் நின்ற லாயிட், ஓய்வுபெற்ற தபால்காரர், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, சீட்டைப் பார்க்காமலே மெல்லச் சொன்னார். "ரெண்டு கட்சியிலயும் கை வெச்சுட்டீங்க போல, ஆர்டன். இப்படியே போடணும்னாலும் போடலாம். ஆனா எண்ணிக்கையில வராது. வேற சீட்டு வேணுமா?"

"ரெண்டு பேருமே எனக்கு வேணும் லாயிட்."

"நவம்பர்ல அப்படிப் போடலாம். மேல இருந்து கீழ வரைக்கும் யாரை வேணாலும். இன்னிக்கு அவங்கவங்க வீட்டுக்குள்ள அவங்கவங்க ஆளைப் பொறுக்கற நாளு. ரெண்டு வீட்டுக் கல்யாணத்துலயும் நீங்களே மாப்பிள்ளை பாக்க முடியுமா?"

"தெரியும்யா. தெரிஞ்சுதான் போட்டேன். கை கேக்கல."

லாயிட் அதற்குச் சிரிக்கவில்லை. கெட்டுப்போன சீட்டை மடித்து உறையில் போட்டுவிட்டு, புதுச் சீட்டை வாங்கிக் கொடுத்தார். "நேரம் எடுத்துக்கங்க. யாரும் வெரட்டல."

உண்மையில் பின்னால் ஆறேழு பேர் நின்றார்கள். எல்லார் வீட்டிலும் புல் அறுத்துக் கிடந்தது. எல்லாருக்கும் மழை வரப்போவது தெரியும். ஒருவர்கூடத் தொண்டையைச் செருமவில்லை. ஆர்டன் தடுப்புக்குள் திரும்பிப் போனார். அக்காவின் பெயரைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவளுக்கு இன்னும் ஆயிரம் பேர் போடுவார்கள். ரஸ்ஸின் அருமையை இந்தக் கவுண்டியில் அறிந்தவர்கள் மூன்றே பேர். அடுத்த மார்ச்சில் எந்தக் கொட்டகையோ, எவன் பெற்ற பிள்ளையோ. வாழ்க்கையில் முதல் முறையாகக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு கட்டத்தை நிரப்பினார்.

இந்தத் தடவை மெஷின் சத்தமில்லாமல் விழுங்கிக்கொண்டது.

மழைக்கு முன்னால் தீவனத்தைக் கட்டி ஏற்றிவிட்டார்கள். கடைசி வண்டி கொட்டகைக்குள் நுழையும்போது முதல் துளி விழுந்தது. ரஸ் நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தார். மார்லிஸ் பதினோரு ஓட்டில் தோற்றாள்.

பதினோரு ஓட்டு என்றால் மறுபடி எண்ணச் சொல்லிக் கேட்கலாம். கேட்டாள். கோர்ட்டுக் கட்டடத்தில் நீள மேசை போட்டு, சீட்டு சீட்டாக எடுத்து, இரண்டு தரப்பு ஆட்களும் குனிந்து பார்க்க எண்ணினார்கள். யார் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்து பார்க்கலாம். மார்லிஸ் தினமும் சாண்ட்விச் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். ஹாலரனின் அம்மாவும் வந்து உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் இருவரும் ஒரே டப்பாவிலிருந்து ஊறுகாய் எடுத்துத் தின்றார்கள். எண்ணி முடித்தபோது பதினொன்று ஒன்பதானது. அதற்கு மேல் குறையவில்லை. மார்லிஸ் எழுந்து போய் அந்தப் பையனின் கையைக் குலுக்கிவிட்டு, "பிரசவப் பகுதியை நீ மறந்துட்டா உன் வீட்டு வாசல்ல வந்து உக்காருவேன்" என்றாளாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்தாள். வேகவைத்த மக்காச்சோளம், பன்றித்தொடை, தக்காளி. சோளத்தில் வெண்ணெய் தடவிக்கொண்டே எண்ணிக்கைக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்தாள். சட்டென்று கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஆர்டன், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எனக்குத்தானே போட்டே?"

"மார்லிஸ், அதை யாரும் யாரையும் கேக்கக் கூடாது" என்றாள் கோனி.

"நான் வேட்பாளரா கேக்கலம்மா. அக்காவா கேக்கறேன். அன்னிக்கு மெஷின் கத்துச்சாமே? ஊரே சொல்லுது. என் தம்பிக்கு ஓட்டுப் போடக்கூட மறந்துபோச்சான்னு சிரிச்சுட்டு வந்தேன்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். மூன்று உலகத்திலும் ஒருவராலும் பொய் என்று காட்ட முடியாது. அந்தச் சீட்டு ஆயிரக்கணக்கான சீட்டுகளோடு கலந்து, பேரில்லாமல் பெட்டிக்குள் கிடக்கிறது. ஆர்டன் அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

"போடல அக்கா."

ட்ராயின் கையிலிருந்த சோளம் தட்டில் விழுந்தது.

"அந்த வக்கீலுக்கா?"

"இல்ல. உங்க பக்கத்துலயே போடல."

"அந்தப் பக்கமா?" அவள் குரல் இறங்கியது. "நம்ம அப்பன் மகனா நீ? ஏன்டா?"

ஆர்டன் தட்டை ஒதுக்கி வைத்தார். காரணம் அவருடையதாக இருந்தால் சொல்லியிருப்பார். மகனுடையதை எடுத்து எப்படி வைப்பது? ட்ராய் வாயைத் திறந்தான். ஆர்டன் தலையை அசைத்து அவனை அடக்கினார்.

"சொல்ல மாட்டியா?"

"சொல்ல முடியாது."

மார்லிஸ் எழுந்தாள். "பொய் சொல்லியிருந்தா நிம்மதியா சாப்பிட்டுட்டுப் போயிருப்பேன்டா" என்றாள். சுட்டுக் கொண்டுவந்த ஆப்பிள் பலகாரத்தைக்கூட வெட்டவில்லை. வண்டி கிளம்பிப் போகிற சத்தம் மேடு தாண்டும்வரை கேட்டது.

அதன்பிறகு அவள் வரவில்லை. ஆனால் வீட்டில் முடங்கிக் கிடக்கவும் இல்லை. செப்டம்பர் பிறந்ததும், தன்னைத் தோற்கடித்த ஹாலரனுக்காகவே வீடு வீடாக ஏற ஆரம்பித்தாள். தபால்காரர் லாயிட் ஒருநாள் சொன்னார்: "நாய் தொரத்துது, இவங்க கேட்டுக்கு வெளிய நின்னுக்கிட்டு, 'நாயைப் புடிச்சுக்கிட்டு வாங்க, ரெண்டு நிமிஷம்'ங்கறாங்க. நான் முப்பது வருஷம் தபால் போட்டேன், எனக்கு அந்தத் தைரியம் இல்ல."

"தோத்தவ எதுக்கு அலையணும்?" என்றார் ஆர்டன், தன்னையே கேட்பதுபோல.

"தோத்தது அவங்கதானே. ஆஸ்பத்திரி இல்லையே."

அக்டோபர் கடைசியில் சோள அறுவடையின்போது வண்டியின் மேலிருந்து ஆர்டன் தவறி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. கம்பி வைத்துத் தைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். முன் அறையில் கட்டில் போட்டுப் படுக்க வைத்தாள் கோனி. பக்கத்துப் பண்ணைக்காரர்கள் அவரவர் இயந்திரத்தோடு வந்து மிச்சச் சோளத்தை ஒரே பகலில் அறுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கறவைதான் பாக்கி. அது தினமும் இரண்டு வேளை. ட்ராய் ஒருவனால் முடியாது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் விடியலில் கொட்டகை விளக்கு எரிந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்த ஆர்டனுக்கு அந்த நடை தெரிந்தது. வலது காலைக் கொஞ்சம் வீசி வைக்கிற நடை.

"உங்க அக்கா" என்றாள் கோனி.

"கூப்பிட்டியா?"

"நான் கூப்பிடல. வந்து நிக்கறா. 'மாடு என்ன பாவம் பண்ணுச்சு'ன்னா."

மார்லிஸ் கொட்டகைக்கு வருவாள், கறப்பாள், போவாள். வீட்டுப் படி ஏறவில்லை. ஒரு வாரம் அப்படியே போனது. ஒருநாள் காலையில் ட்ராய் பூட்சைக்கூடக் கழற்றாமல் முன் அறைக்குள் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"அத்தைகிட்ட சொல்லிட்டேன்பா."

"எதை?"

"எல்லாத்தையும். துப்பாக்கி, கொட்டகை, ரஸ். எல்லாம்."

ஆர்டன் எழ முயன்று வலியில் பல்லைக் கடித்தார். "யாருடா உன்னைச் சொல்லச் சொன்னா?"

"யாரும் சொல்லல. எத்தனை நாளைக்கு என்னை நீங்க முதுகுல சொமப்பீங்க?" அவன் கையில் காய்ந்திருந்த பால் செதிலைச் சுரண்டினான். "சொல்லிப் பாத்தேன். ஒண்ணும் ஆகல. உசுரோடதான் இருக்கேன்."

"அவ என்ன சொன்னா?"

"கையில இருந்த மாட்டைக் கறந்து முடிச்சாங்க. அடுத்த மாட்டுக்குப் போனாங்க. அதுக்கும் மடி கழுவி, மெஷின் மாட்டிட்டு, அந்த மாட்டு மேல நெத்தியை வெச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் நின்னாங்க. அப்புறம் என் பின்னந்தலையில ஒரு அறை குடுத்தாங்க. 'இனிமே அப்படித் தோணுச்சுன்னா எனக்குப் போன் பண்ணணும், எந்த நேரம்னாலும்'னாங்க. சரின்னேன். 'சத்தியமா?'ன்னாங்க. சத்தியம்னேன்."

அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சமையலறைக் கதவு திறந்து மூடியது. மார்லிஸ் தலைத்துணியை அவிழ்த்தபடி வந்து, கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். தம்பியையும் மருமகனையும் மாறி மாறிப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது. பேசும்போது பழைய பேருந்துக்காரிக் குரல்தான்.

"செவ்வாய்க்கிழமை தேர்தலு. உன்னை யாரு கூட்டிட்டுப் போறது?"

"கோனி காலையிலயே போயிடுவா. தபால்ல வாங்கிப் போட்டுருக்கலாம். டவுன் ஹால் வரைக்கும் போய்ப் போட்டாத்தான் போட்ட மாதிரி இருக்கு."

"வீம்பு மட்டும் ஒடையல. சரி, நான் வண்டி கொண்டாறேன்."

செவ்வாய்க்கிழமை வானம் கிழிந்து கொட்டியது. மழையும் இல்லை, பனியும் இல்லை. இரண்டும் கலந்த ஊசி. மார்லிஸ் இருக்கையில் தலையணை அடுக்கித் தம்பியை ஏற்றினாள். டவுன் ஹால் திருப்பத்துக்கு முன்னாலேயே வண்டியை ஓரங்கட்டி, மேல்கோட்டில் குத்தியிருந்த, ஹாலரன் பேர் போட்ட பிரச்சாரப் பொத்தானைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். சாவடிக்குப் பக்கத்தில் யாருடைய பேரும் தெரியக் கூடாது. வாசலையொட்டி நிறுத்திவிட்டு உள்ளே போய்ச் சொன்னாள்.

நடக்க முடியாதவரிடம் சீட்டு நடந்து வரும். லாயிடும் இன்னொரு பெண்மணியும் உறையும் பேனாவுமாகக் குடை இல்லாமல் வந்தார்கள். கோனி வரவில்லை, ஜன்னல் வழியாக அவள் முதுகு மட்டும் தெரிந்தது.

"பேரும் விலாசமும் சொல்லுங்க ஆர்டன்."

இந்த முறை அவர் கிண்டல் பண்ணவில்லை. சொன்னார். கையெழுத்திட்டார்.

"மார்லிஸ், நீங்க கொஞ்சம்..." என்று லாயிட் தயங்கினார். அதற்குள் மார்லிஸ் தன் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள். இறங்கி, நாலெட்டுத் தள்ளிப் போய், கல்லறைத் தோட்டத்து வேலியைப் பார்த்தபடி, வண்டிக்கு முதுகைக் காட்டி நின்றாள். தலைமேல் எதுவும் போட்டுக்கொள்ளவில்லை. லாயிடும் அந்தப் பெண்மணியும் கண்ணாடியிலிருந்து விலகி, அவர்களும் திரும்பிக்கொண்டார்கள். ஊசிமழையில் மூன்று முதுகுகள்.

சீட்டில் இப்போது கட்சிக்கொரு பத்தி இல்லை. பதவிக்கொரு வரிசை, இரு கட்சி ஆட்களும் பக்கத்துப் பக்கத்தில். ஷெரீப் வரிசையில் ரஸ் தனியாக இருந்தார். நிரப்பினார். சட்டசபை வரிசைக்கு வந்தபோது பேனா நின்றது. ஹாலரன் பெயருக்குக் கீழே, அச்சில் இல்லாத பெயரை எழுதிக்கொள்ள ஒரு வெற்றுக் கோடு இருந்தது. அக்காவின் பெயரை அதில் எழுதலாம். ஆகஸ்டில் தராததை இப்போது தரலாம். எழுதிவிட்டுப் போய் அவளிடம் சொல்லவும் செய்யலாம்.

பேனாவைக் கோட்டின்மேல் வைத்தார். நிமிர்ந்து பார்த்தார். அவள் தலைமயிர் நனைந்து மண்டையோடு ஒட்டியிருந்தது. அந்தக் காலை வீசிப் போட்டுக்கொண்டு இரண்டு மாதமாக இவனுக்குப் போடுங்கள் என்று நாய் இருக்கிற வாசலெல்லாம் ஏறியிருக்கிறாள். அவள் பெயரை எழுதினால் அந்த நடையெல்லாம் இந்த ஒரு சீட்டிலாவது வீண். ஆர்டன் பேனாவை எடுத்து மேலே கொண்டுபோய், ஹாலரன் கட்டத்தை நிரப்பினார். கை கேட்டது.

லாயிட் உறையை வாங்கி மேல்கோட்டுக்குள், நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வழுக்கும் படியில் ஒவ்வொரு அடியாக ஏறினார். கதவு திறந்தே கிடந்தது. உள்ளே அவர் குரல், தபால்காரர் குரல், மெல்லியதாக இருந்தாலும் தெளிவாகக் கேட்டது.

"உள்ள வர முடியாத வாக்காளர் ஆர்டன் ஸ்கோகன் கொடுத்த சீட்டு என் கையில இருக்கு. இதை வாங்கறதுல யாருக்காவது ஆட்சேபணை உண்டா?"

கேட்டே ஆக வேண்டும், சட்டம் அப்படி. வரிசையில் இருபது பேராவது இருப்பார்கள். இந்தக் கட்சியும் அந்தக் கட்சியும், வேலித் தகராறில் பத்து வருஷமாக ஆர்டனோடு பேசாத ஒருவரும். எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். காலை மாற்றி வைக்கிற சத்தம்கூட இல்லை. ஒரு சீட்டுக்காக அத்தனை பேரும் அப்படி நின்றார்கள். நனைந்த வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு ஆர்டன் தொப்பியைக் கழற்றினார்.

பிறகு மெஷின் சீட்டை இழுத்துக்கொள்ளும் சத்தம்.

மார்லிஸ் ஏறி உட்கார்ந்து, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தம்பியைப் பார்க்கவில்லை. எதுவும் கேட்கவும் இல்லை. "ஹீட்டரைக் கூட்டு, வெரல் மரத்துப் போச்சு. போய்ட்டுக் கறவைக்கு நிக்கணும்" என்றாள்.

மறுநாள் காலை, கறவை முடிந்து, நால்வரும் சமையலறையில் இருந்தார்கள். ஆர்டனுக்கு மட்டும் முதுகுக்கு இரண்டு தலையணை. கோனி அப்பம் சுட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். ரஸ் ஷெரீபாகிவிட்டார். ஹாலரன் தோற்றுவிட்டான், கொஞ்சத்தில் அல்ல, நன்றாகவே.

"அந்தப் பையனுக்குப் பால்மாட்டுக்காரங்ககிட்டப் பேசத் தெரியல. நான் கூடவே போய் நின்னும் ஆகல" என்றாள் மார்லிஸ்.

"வருத்தமா இருக்கா அத்தை?"

"ராத்திரி இருந்துச்சு. காலையில மாடு கறந்ததும் போயிருச்சு." அப்பத்தின்மேல் பாகை ஊற்றினாள். "சட்டசபைக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா வரும். அடுத்த தடவை மறுபடியும் நிக்கப் போறேன். இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் யாரும் சொல்லலன்னு சொல்லாதீங்க."

கோனி அடுப்பிலிருந்து திரும்பினாள். "இந்தக் காலோடயா?"

"ஓட்டுக் கேக்கறது வாயாலதானே."

ஆர்டன் காப்பியைக் கீழே வைத்தார். எதையோ மனசுக்குள் கணக்குப் போட்டார். "ஷெரீபுக்கு நாலு வருஷம் அக்கா" என்றார் மெதுவாக. "அடுத்த தடவை பிரைமரியில ரஸ் இருக்க மாட்டார். ஷெரீப் தேர்தலே கிடையாது. எனக்குக் கோட்டைத் தாண்ட வேண்டி வராது."

"அதான் நிக்கறேன்" என்றாள் மார்லிஸ், வாய் நிறைய அப்பத்தோடு.